நாடுகளின் கல்வியை ஒப்பிடுவது எப்படி: பொருளியல் ஆசிரியை ஒருவரின் குறிப்பு

15 வயதுப் பிள்ளைகளுக்கான பன்னாட்டுத் தேர்வு பிசா. 2022ஆம் ஆண்டு பிசா தேர்வில் வியட்நாம் பிள்ளைகள் கணக்கில் எடுத்த சராசரிப் புள்ளி 469. அமெரிக்கப் பிள்ளைகள் எடுத்தது 465. அதே ஆண்டில் ஒரு அமெரிக்கரின் சராசரி வருமானம் ஒரு வியட்நாமியருடையதைப் போல ஏறத்தாழ 18 மடங்கு. "கல்வியில் முந்தும் நாடே பொருளாதாரத்தில் முந்தும்" என்று பேச்சு எழுதிக்கொண்டு வரும் மாணவர்களிடம் நான் முதலில் இந்த மூன்று எண்களைத்தான் கரும்பலகையில் எழுதிக் காட்டுவேன். எழுதிவிட்டு, "இப்போ உன் முதல் வரியை மறுபடி படி பார்க்கலாம்" என்பேன்.

அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் பொருளியல் நடத்துகிறேன். பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி என்றால் பிள்ளைகள் என்னிடம்தான் வருவார்கள். இந்தத் தலைப்பு ஏதோ ஒரு வடிவில் ஆண்டுதோறும் வந்துவிடுகிறது. வந்ததும் எல்லோரும் பின்லாந்துக்குப் போய்விடுகிறார்கள். அங்கே வீட்டுப்பாடம் இல்லை, பிள்ளைகள் சிரிக்கிறார்கள், ஆகவே நாமும் அப்படிச் செய்ய வேண்டும் என்று முடிந்துவிடும். நடுவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டால் அந்தப் பேச்சு நிற்காது. நிற்கிற மாதிரி ஒப்பிட ஒரு வழி இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கேள்வியைச் சுருக்குங்கள்

"எந்த நாட்டின் கல்வி சிறந்தது?" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். இரண்டு நாடுகளை மட்டும் எடுங்கள். ஒரு பிறந்த ஆண்டை எடுங்கள். "1990இல் பிறந்த கொரியப் பிள்ளையும் ஜெர்மன் பிள்ளையும் 25 வயதில் என்ன வேலைக்குத் தயாராக இருந்தார்கள்?" என்று கேட்டால் பதிலைத் தேட முடியும். நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் ஒரு நாடு, வலப்பக்கம் ஒரு நாடு என்று எழுதத் தொடங்கலாம். இருபது நாடுகளின் தரவரிசையைப் பார்த்து எழுதினால் தரவரிசையைத்தான் திருப்பி எழுதுவீர்கள்.

தேர்வு எழுதியது யார் என்று பாருங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். பிசா என்பது, பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடி 2000இலிருந்து நடத்தும் தேர்வு. 15 வயதுப் பிள்ளைகளில் சிலரைத் தேர்ந்து வாசிப்பு, கணக்கு, அறிவியல் மூன்றிலும், படித்ததை வாழ்க்கையில் பயன்படுத்தத் தெரிகிறதா என்று சோதிக்கிறது. டிம்ஸ் என்று இன்னொன்று, 1995இலிருந்து நடக்கிறது. அது நான்காம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பாடத்திட்டத்தில் உள்ளதைக் கேட்கிறது. இரண்டையும் கலந்து எழுதக் கூடாது. ஒரு நாடு ஒன்றில் மேலேயும் மற்றொன்றில் கீழேயும் இருக்கலாம். இரண்டும் உண்மையாகவே இருக்கலாம்.

பிசா எழுதுவது 15 வயதில் பள்ளியில் இருக்கும் பிள்ளைகள் மட்டுமே. பள்ளியை விட்டுப் போனவர்கள் அந்தச் சராசரியில் இல்லை. 2012இல் வியட்நாம் முதன்முறையாக எழுதி, கணக்கில் 511 எடுத்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. அமெரிக்கா அப்போது 481. ஆனால் அந்தத் தேர்வு வியட்நாமின் 15 வயதினரில் சுமார் 56 சதவீதத்தினரையே பிரதிநிதித்துவப்படுத்தியது. மீதிப் பேர் வயலிலோ பட்டறையிலோ கடையிலோ இருந்தார்கள்.

இதோடு நிறுத்தி "வியட்நாம் ஏமாற்றிவிட்டது" என்று முடித்துவிடுகிறவர்களும் உண்டு. அது நியாயமில்லை. இந்தியாவில் ஆந்திரா, எத்தியோப்பியா, பெரு, வியட்நாம் என நான்கு இடங்களில் ஒரே பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த யங் லைவ்ஸ் என்ற ஆய்வு இருக்கிறது. சிறு வயதிலேயே, ஒவ்வொரு பள்ளியாண்டிலும் வியட்நாம் பிள்ளைகள் மற்றவர்களைவிட அதிகம் கற்றுக்கொண்டது அதில் தெரிந்தது. விடுபட்டவர்களால் புள்ளி கொஞ்சம் உயர்ந்திருக்கிறது. அதைத் தள்ளிப் பார்த்தாலும் அந்த நாட்டுத் தொடக்கப் பள்ளி நன்றாக நடக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்கிற மாணவிதான் மேடையில் நிற்பாள்.

சீனாவையும் இப்படித்தான் படிக்க வேண்டும். 2009இல் எழுதியது ஷாங்காய் நகரம், கணக்கில் 600. 2015இல் பெய்ஜிங், ஷாங்காய், ஜியாங்சு, குவாங்டாங் சேர்ந்து எழுதின, 531. 2018இல் குவாங்டாங் போய் ஜெஜியாங் வந்தது, 591. ஒரு மாகாணம் மாறியதும் அறுபது புள்ளி ஏறுகிறது. இதில் எதையும் "சீனாவின் மதிப்பெண்" என்று எழுதாதீர்கள்.

நம் கதையும் இதில் உண்டு. 2009 சுற்றின் நீட்சியாக 2010இல் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் பிசா எழுதின. தமிழ்நாட்டுக்கு வாசிப்பில் 337, கணக்கில் 351, அறிவியலில் 348. ஓஇசிடி சராசரி 500ஐ ஒட்டி இருந்த நேரம் அது. எழுதியவர்களில் இரண்டு மாநிலங்களும் கடைசிக்கு அருகில் நின்றன. கேள்விகள் நம் பிள்ளைகளின் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று காரணம் சொல்லி, இந்தியா 2012 சுற்றில் கலந்துகொள்ளவில்லை. பிறகு சேர்வதாக 2019இல் ஒப்புக்கொண்டும் 2022 தேர்வை எழுதவில்லை. எனக்கு இதில் ஆழ்ந்த வருத்தம் உண்டு. கேள்வித்தாள் பொருந்தாமல் இருந்திருக்கலாம், ஆனாலும் அளப்பதையே நிறுத்திவிட்டால் எங்கே தேறினோம் என்பதும் தெரியாமல் போய்விடும். உள்நாட்டில் கிராமப் பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்கும் ஏசர் அறிக்கை இருக்கிறது. 2024இல் ஊரக அரசுப் பள்ளி ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் நாடு முழுக்க 44.8 சதவீதம். எங்கள் வகுப்பறைக்குள் இருக்கிற எங்களுக்கு இது செய்தியல்ல.

இன்னொன்று: தரவரிசையில் பத்தாம் இடம், பதினான்காம் இடம் என்பதையெல்லாம் பெரிதாக எழுதாதீர்கள். சிலரை மட்டும் சோதித்து எடுத்த சராசரி என்பதால் மூன்று நான்கு புள்ளி வித்தியாசத்துக்குப் பொருளே இல்லை. ஓஇசிடி கணக்குப்படி 20 புள்ளி என்பது ஏறத்தாழ ஓராண்டுப் படிப்பு. அந்த அளவு இடைவெளி இருந்தால் பேசுங்கள்.

பிறந்த ஆண்டைக் கணக்குப் போடுங்கள்

பின்லாந்துக்கு இப்போது வரலாம். 2000இல் பிசா எழுதி அந்த நாட்டைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோன பிள்ளைகள் 1984 வாக்கில் பிறந்தவர்கள். அவர்களுக்குக் கிடைத்த பள்ளி, 1972இல் வடக்கே லாப்லாந்தில் தொடங்கி 1977க்குள் நாடு முழுக்கப் பரவிய பொதுப்பள்ளி. ஆசிரியராக வேண்டுமானால் முதுநிலைப் பட்டம் வேண்டும் என்ற விதி 1979இல் வந்தது. அந்தக் காலத்தில் பாடத்திட்டம் மேலிருந்து இறுக்கமாக வந்தது, பள்ளி ஆய்வாளர்கள் இருந்தார்கள். உலகம் பின்லாந்தைப் பார்க்கப் போனது 2001க்குப் பிறகு. அதற்குள் ஆய்வாளர் முறை போயிருந்தது, பள்ளிகளுக்குச் சுதந்திரம் வந்திருந்தது. போனவர்கள் அன்று கண்ணில் பட்டதை எழுதிக்கொண்டு வந்தார்கள். அந்தச் சுதந்திரத்திலேயே முழுக்கப் படித்த பிள்ளைகள் தேர்வு எழுதியபோது புள்ளி இறங்கத் தொடங்கியது: கணக்கில் 2006இல் 548, 2022இல் 484. சுதந்திரம்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். கைப்பேசி, வாசிப்புப் பழக்கம், குடியேற்றம் என்று அங்கேயே பல வாதங்கள் நடக்கின்றன. ஆனால் 2000இன் வெற்றிக்கு 2005இல் பார்த்த வகுப்பறையைக் காரணமாகக் காட்டுவது கணக்குக்கே பொருந்தாது.

பொருளாதாரத்துக்கு வந்தால் இடைவெளி இன்னும் நீளம். இன்று 15 வயதில் தேர்வு எழுதும் பிள்ளை, நாட்டின் உற்பத்தியில் கண்ணுக்குத் தெரிகிற பங்கு வகிக்க இருபது ஆண்டு ஆகும். பிசாவில் உச்சியில் இருந்த பின்லாந்தின் பொருளாதாரம் 2009இல் மட்டும் 8 சதவீதம் சுருங்கியது. நோக்கியா சரிந்தது, காகிதத் தொழில் தளர்ந்தது. பள்ளிக்கூடத்துக்கு அதில் பங்கில்லை. அமெரிக்காவில் 1983இல் ஓர் அரசு ஆணையம், கல்வி சரிந்துவிட்டதால் ஜப்பான் முந்தப்போகிறது என்று எச்சரித்தது. பத்தாண்டுக்குள் ஜப்பானின் நிலச் சந்தையும் பங்குச் சந்தையும் வெடித்து, அந்நாடு தேக்கத்தில் விழுந்தது. ஜப்பான் பிள்ளைகள் மட்டும் கணக்கில் உலகின் முன்வரிசையிலேயே நின்றார்கள், 2022இலும் 536.

அப்படியானால் கல்விக்கும் வளர்ச்சிக்கும் தொடர்பே இல்லையா என்று பிள்ளைகள் கேட்பார்கள். இருக்கிறது. எரிக் ஹனுஷெக், லுட்கர் வூஸ்மன் என்ற பொருளியலாளர்கள் 1960 முதல் நாற்பதாண்டு வளர்ச்சியை எடுத்துப் பார்த்தார்கள். எத்தனை ஆண்டு பள்ளிக்குப் போனார்கள் என்பதைவிட, போய் என்ன கற்றார்கள் என்பதோடுதான் வளர்ச்சி நெருங்கி நிற்கிறது என்று காட்டினார்கள். இலத்தீன் அமெரிக்காவில் பள்ளி ஆண்டுகள் கூடின, கற்றல் கூடவில்லை, வளர்ச்சியும் மெதுவாகவே இருந்தது. கிழக்காசியாவில் மூன்றும் சேர்ந்து ஏறின. நாற்பதாண்டுப் பார்வையில் தெரிகிற தொடர்பை மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் தரவரிசையில் தேடாதீர்கள்.

பள்ளி வாசலுக்கு வெளியே என்ன காத்திருந்தது

2000 பிசாவில் ஜெர்மனி வாசிப்பில் எடுத்தது 484. சராசரிக்கும் கீழே. முடிவு வெளிவந்த 2001 டிசம்பரில் அந்த நாடே கலங்கிப்போனது. இன்றும் அதைப் "பிசா அதிர்ச்சி" என்கிறார்கள். அதே ஜெர்மனிதான் 2003 முதல் 2008 வரை உலகிலேயே அதிகமாகச் சரக்கு ஏற்றுமதி செய்த நாடு. இதை விளக்காமல் எந்த ஒப்பீடும் முழுமையாகாது. 1969இல் சட்டமாக்கப்பட்ட இரட்டைப் பயிற்சி முறையில் விடை கொஞ்சம் இருக்கிறது. வாரத்தில் மூன்று நான்கு நாள் நிறுவனத்தில் வேலை கற்றுக்கொண்டு, மீதி நாள் தொழிற்பள்ளியில் பாடம். பயிற்சிக்காலம் முழுக்க நிறுவனம் உதவித்தொகை தருகிறது. தேர்வை நடத்துவது தொழில் வணிகச் சங்கங்கள். இப்படி 300க்கும் மேற்பட்ட தொழில்கள். கடைசல் எந்திரத்தில் வேலை செய்கிறவருக்குச் சான்றிதழும் மரியாதையும் சம்பளமும் உண்டு. மறுபக்கம், பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிந்ததும், பத்து வயதிலேயே, யார் எந்தப் பள்ளிக்கு என்று பிரித்துவிடுகிறார்கள். குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள் அதில் பின்தங்குகிறார்கள். இது எனக்கு உடன்பாடில்லை.

கொரியாவை எதிர்ப்பக்கத்தில் எழுதுங்கள். 25 முதல் 34 வயதுக்குள் இருப்போரில் சுமார் 70 சதவீதம் பேர் உயர்கல்வி முடித்தவர்கள். ஓஇசிடி நாடுகளில் அதுவே முதலிடம். நவம்பரில் நடக்கும் சுனுங் நுழைவுத் தேர்வின்போது, ஆங்கிலக் கேட்டல் பகுதி முடியும்வரை விமானங்களை ஏறி இறங்க விடமாட்டார்கள். ஆனால் எல்லோரும் ஒருசில பெரிய நிறுவன வேலைகளுக்கே வரிசை கட்டுகிறார்கள். ஜெர்மன் மாதிரியைப் பார்த்து 2010இல் "மைஸ்டர்" தொழிற்பள்ளிகளை அவர்களும் தொடங்கினார்கள்.

இலங்கையில் 1945இலிருந்து இலவசக் கல்வி. எழுத்தறிவு 90 சதவீதத்துக்கும் மேல். 2022இல் கடனைத் திருப்பித் தர முடியாமல் நின்றது. நன்றாகப் படித்தவர்களுக்கு உள்ளூரில் வேலை உருவாகவில்லை என்றால் அந்தப் படிப்பு விமானம் ஏறிவிடுகிறது. அது போய்ச் சேர்கிற நாடுகளில் அமெரிக்கா முக்கியமானது. நான் முதலில் எழுதிய 465க்கும் 18 மடங்குக்கும் இடையில் உள்ள இடைவெளியில், பிற நாட்டுப் பள்ளிகள் வளர்த்துக் கொடுத்த மூளைகளுக்கும் அவர்களை இழுத்துக்கொள்ளும் ஆய்வுப் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

யார் பணம், யார் தூக்கம்

அரசு செலவை மட்டும் எழுதினால் கிழக்காசியா மலிவாகத் தெரியும். வீட்டுச் செலவையும் தேடுங்கள். 2023இல் கொரியப் பெற்றோர் தனிப்பயிற்சிக்குக் கொடுத்தது 27.1 டிரில்லியன் வோன். அதே ஆண்டில் அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.72 குழந்தை. பிள்ளையை வளர்த்துப் படிக்கவைக்கும் செலவுக்குப் பயந்தே பெற்றுக்கொள்ளவில்லை என்று இளையவர்கள் சொல்கிறார்கள். லாபத்துக்கு நடத்தும் பாடப்பயிற்சி நிறுவனங்களைச் சீனா 2021 ஜூலையில் தடை செய்தது. பிள்ளைகளை விரைவு, சாதாரணம் என்று பிரித்துவந்த முறையைச் சிங்கப்பூர் 2024 முதல் கைவிட்டிருக்கிறது. 2022இல் உலகிலேயே முதலிடம் வாங்கிய நாடு அது, கணக்கில் 575. முதலிடத்தில் இருப்பவர்கள் எதை மாற்ற நினைக்கிறார்கள் என்று பாருங்கள். நகலெடுக்க ஆசைப்படும்முன் அதைப் படிக்க வேண்டும்.

நீங்களே ஒன்றைச் செய்து பாருங்கள்

தமிழ்நாட்டையும் வியட்நாமையும் எடுத்துக்கொள்ளுங்கள். சாம்சங் ஸ்ரீபெரும்புதூரிலும் இருக்கிறது, வியட்நாமின் பாக் நின்னிலும் இருக்கிறது. கைப்பேசித் தொழிலை இழுப்பதில் தமிழ்நாடும் வியட்நாமும் நேருக்கு நேர் போட்டி. நம் பக்கத்தில் 1994 வாக்கில் பிறந்தவர்களை எழுதுங்கள். 2010இல் பிசா எழுதியது அவர்களின் வயதினர்தான். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2014இல் மூடியபோது அவர்களுக்கு இருபது வயது. சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோன் தயாரிக்கும் இப்போது முப்பதைத் தாண்டிவிட்டார்கள். உயர்கல்விச் சேர்க்கையில் தமிழ்நாடு 2021-22இல் 47 சதவீதம், இந்திய அளவில் 28.4 என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். வலப்பக்கத்தில் வியட்நாமின் அதே வயதினர். பிசா புள்ளிகள் ஓஇசிடி தளத்தில் இலவசம்; வருமானமும் பெண்களின் வேலைப் பங்கேற்பும் உலக வங்கித் தளத்தில் கிடைக்கும்; நம் ஊர் வேலைவாய்ப்புக்கு மத்திய அரசின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பைப் பாருங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஆண்டையும், அது யாரைக் கணக்கில் எடுக்கவில்லை என்பதையும் எழுதுங்கள். பெண்களுக்குத் தனி வரி போடுங்கள், ஏனென்றால் இந்த இரண்டு ஊர்களிலும் கைப்பேசி ஆலைகளில் பெரும்பாலும் வேலை செய்கிறவர்கள் அவர்கள்தான்.