உருண்டை எழுத்தில் தொலைந்துபோகும் புள்ளி

போன வாரம் ஒரு மழலையர் பள்ளிக்கு போர்டு. எங்கள் ஃப்ளெக்ஸ் கடைக்குப் புதிதாக வந்திருக்கும் பையன் 'பலூ தம்பி' என்ற ஃபான்ட்டை எடுத்தான். சரியான தேர்வுதான், பிள்ளைகள் க்ரேயானில் எழுதியதுபோல உருண்டு திரண்டிருக்கும், காசும் கிடையாது. ஆனால் திரையில் நான் படித்தது 'மழலையர பளளி'. வேலூரில் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த அதே கூத்து. அதையும், இந்த மாதிரி ஃபான்ட்டில் நடக்கும் வேறு சில தப்புகளையும் சொல்கிறேன்.

பார்டர் போட்டுப் புள்ளியைத் தின்பது

ஆற்காட்டில் ஒரு ஸ்வீட் கடை. 20க்கு 4, மொத்தம் 80 சதுர அடி ஃப்ளெக்ஸ். மஞ்சள் பின்னணி, சிவப்பில் குண்டு எழுத்து, எடுப்பாக இருக்கட்டும் என்று சுற்றிலும் வெள்ளை பார்டர். ஏற்றிக் கட்டிய பிறகு கடைக்காரர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்னப்பா இது, மககன பேடா?" மறுபடி அடித்த செலவு என் சம்பளத்தில் போனது. அந்த ஃப்ளெக்ஸ் இன்னும் எங்கள் வீட்டு விறகின்மேல் கிடக்கிறது. மழை வந்தால் அம்மா இழுத்து மூடுவார். எனக்குப் பார்க்கப் பிடிக்காது.

நடந்தது இதுதான். நாங்கள் டிசைன் போடும் கோரல்டிரா சாஃப்ட்வேரில் அவுட்லைன், அதாவது பார்டர், பாதி வெளியே, பாதி எழுத்துக்கு உள்ளே விழும். எழுத்தின் உடம்பு தடிமன், தாங்கிக்கொள்ளும். புள்ளி தாங்காது. 20 மி.மீ. புள்ளிக்கு 16 மி.மீ. பார்டர் வைத்தால் சுற்றிலும் 8 போய், நடுவில் 4தான் மிச்சம். தூரத்திலிருந்து அது கொசு.

ஓலையில் புள்ளி வைத்தால் கிழியும் என்று அந்தக் காலத்தில் விட்டுவிடுவார்கள். படிப்பவர் இடம் பார்த்துப் படித்துக்கொள்வார். பைக்கில் போகிறவருக்கு அந்தப் பொறுமை ஏது?

அவுட்லைன் பெட்டியில் 'பிஹைண்ட் ஃபில்' டிக் செய்தால் பார்டர் எழுத்துக்குப் பின்னால் போய்விடும். அதோடு விடாதீர்கள். கண்ட்ரோல் க்யூ அடித்து எழுத்தை வளைகோடாக்கி, பிரித்து, புள்ளிகளை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கி மேலே தூக்குங்கள். அப்புறம் திரையைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் படியுங்கள்.

காமிக் சான்ஸில் தமிழ் அடிப்பது

1994இல் மைக்ரோசாஃப்டில் வின்சென்ட் கொனேர் வரைந்த ஃபான்ட் அது. அதில் தமிழ் எழுத்தே இல்லை. கம்ப்யூட்டர் சத்தமில்லாமல் வேறு ஃபான்ட்டைக் கொண்டுவந்து வைக்கும். ஆங்கிலம் துள்ளும், தமிழ் விறைத்து நிற்கும்.

பாமினியில் வந்த மேட்டர்

பாமினி யூனிகோடு இல்லாத பழைய ஃபான்ட், அப்படியே வேறு ஃபான்ட் போட்டால் எழுத்து குழம்பிவிடும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஃபான்ட்டைத் தொடுங்கள்.

பத்தி முழுக்கக் கையெழுத்து ஃபான்ட்

தலைப்புக்கு மட்டும். கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரத்தையும் மண்டப முகவரியையும் கவிவாணர் என்ற கையெழுத்து ஃபான்ட்டில் சாய்த்து அடித்தால், பெரியவர்கள் கண்ணாடியை மேலே கீழே ஏற்றி இறக்குவார்கள்.

கண்ணீர் அஞ்சலி

அதற்கு உருண்டை எழுத்து வேண்டவே வேண்டாம்.

பையன் கடைசியில் இரண்டு புள்ளியையும் தூக்கினான். 'ர்' மேல் இருந்ததைக் கொஞ்சம் அதிகமாகவே தூக்கிவிட்டான், பலூன்போலப் பறக்கிறது. மழலையர் பள்ளிதானே, இருக்கட்டும் என்று பிரிண்டுக்கு அனுப்பிவிட்டேன்.