பெரிய பிலிம் கமராவில் ஒரு படம்: தொடக்கத்திலிருந்து கடைசி வரை

பெரிய கமராவைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லாரும் முதலில் கேட்பது, படம் எவ்வளவு துல்லியமாக வரும் என்றுதான். 4×5 அங்குலத் தாள் பிலிம் ஒன்றின் பரப்பு, சாதாரண 35 மி.மீ. பிலிமின் ஒரு படத்தை விட ஏறக்குறைய 13 மடங்கு பெரியது. ஆகவே துல்லியம் வரும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் துல்லியம் இன்றைக்கு ஃபோனிலும் கிடைக்கிறது, அதற்காக இவ்வளவு பாடுபடத் தேவையில்லை. இந்தக் கமராவில் எதுவும் தானாக நடக்காது என்பதுதான் விஷயம். எது கூர்மையாக நிற்கவேண்டும், கோடுகள் நேராக நிற்கவேண்டுமா சாயவேண்டுமா, சிவப்பு கறுப்பாகட்டுமா வெள்ளையாகட்டுமா, நிழலுக்குள் எவ்வளவு தெரியட்டும் என்று ஒவ்வொன்றையும் நீங்களே கையால் தீர்மானித்தாக வேண்டும். அந்தத் தீர்மானங்கள்தான் பிறகு படத்தில் பேசுகின்றன. அதனால் ஒவ்வொரு படியிலும் எப்படிச் செய்வது என்பதோடு, அந்த இடத்தில் உங்களால் என்ன சொல்ல முடியும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஒளிப்படம் கலைதானா என்ற சந்தேகம் யாருக்காவது இருந்தால் ஒன்று சொல்லவேண்டும். அமெரிக்காவின் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் 1924இல் அமெரிக்க ஒளிப்படக்கலைஞர் அல்பிரட் ஸ்டீக்லிட்ஸின் 27 ஒளிப்படங்களைத் தன் சேகரிப்பில் சேர்த்தது. அதற்குக் காரணமாக இருந்தவர் அங்கே இந்தியக் கலைப்பொருட்களுக்குப் பொறுப்பாளராக இருந்த ஆனந்த குமாரசுவாமி, தந்தை வழியில் யாழ்ப்பாண வேர் உள்ளவர். படங்களைக் கலையாக ஏற்று வாங்கிய முதல் பெரிய அருங்காட்சியகங்களில் அதுவும் ஒன்று.

படி 1: என்னென்ன வேண்டும்

4×5 கமரா ஒன்று, 150 மி.மீ. லென்ஸ் ஒன்று, பாரமான ட்ரைபொட், கமராவைத் தொடாமல் ஷட்டரை அழுத்தும் கேபிள் ரிலீஸ், தாள் பிலிமை வெளிச்சம் படாமல் வைத்துக் கமராவில் செருகும் பிலிம் ஹோல்டர் இரண்டு மூன்று, ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி, தலையில் போட்டுக்கொள்ளக் கறுப்புத் துணி. அவ்வளவுதான். பழைய கமரா என்றால் பெல்லோஸில் (லென்ஸ் பலகையையும் பின்பலகையையும் இணைக்கும் மடிப்புத் துருத்தியில்) ஓட்டை இருக்கிறதா என்று இருட்டில் உள்ளே ரோச் அடித்துப் பாருங்கள். லைட் மீற்றர் வாங்கவேண்டாம், ஃபோனில் ஒரு செயலி போதும்.

பிலிமுக்கு இல்ஃபோர்ட் எச்.பி. 5 பிளஸ் என்ற கறுப்பு வெள்ளைப் பிலிம் நல்லது, தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் பழகுவதற்கு விலை குறைந்த எக்ஸ்ரே பிலிமை அளவுக்கு வெட்டிப் போடுங்கள் என்றுதான் சொல்லுவேன். பச்சை உணரும் எக்ஸ்ரே பிலிமைச் சிவப்பு விளக்கில் கையாளலாம், படம் தோன்றுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதில் இரண்டு பக்கமும் ஒளியை உணரும் மருந்துப்பூச்சு இருக்கும், சுலபமாகக் கீறும், ஆகவே மருந்தில் கழுவும் (டெவலப் செய்யும்) தட்டின் அடியில் ஒரு கண்ணாடித் துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள். நம்முடைய யாழ்ப்பாணத்து வெக்கைக்கு எந்தப் பிலிமானாலும் பிரிட்ஜில்தான் வைக்கவேண்டும், வெளியே எடுத்துச் சில மணி நேரம் விட்ட பிறகுதான் பெட்டியைத் திறக்கவேண்டும். இல்லாவிட்டால் ஈரம் படியும்.

படி 2: பிலிம் ஏற்றுவது

இரவில், கதவு யன்னல் எல்லாம் மூடிய அறையில் செய்யுங்கள். கைவிட்டு ஏற்றும் கறுப்புப் பை இங்கே சரிவராது, ஐந்து நிமிடத்தில் கை வியர்த்துப் பிலிம் ஈரமாகும். தாளின் ஒரு மூலையில் சிறிய வெட்டுகள் இருக்கும். தாளை நெடுக்காகப் பிடித்து, அந்த வெட்டு வலது மேல் மூலையில் வந்தால் மருந்துப் பக்கம் உங்களைப் பார்க்கிறது என்று அர்த்தம். ஹோல்டரை மூடும் டார்க் ஸ்லைடின் வெள்ளை விளிம்பு வெளியே தெரிந்தால் புதிய பிலிம், கறுப்பு தெரிந்தால் எடுத்து முடிந்தது. ஒரு தாளைப் பழுதாக்கினாலும் பரவாயில்லை என்று வெளிச்சத்திலேயே கண்ணை மூடிப் பழகுங்கள்.

படி 3: கண்ணாடியில் பார்ப்பது

துணிக்குள் தலையை விட்டால், கமராவின் பின்பக்கத்து மங்கல் கண்ணாடியில் உலகம் தலைகீழாகவும் இடம் வலம் மாறியும் தெரியும். முதல் நாள் தலை சுற்றும். பிறகு அதுவே உதவியாகிவிடும், ஏனென்றால் 'இது வேலி, இது கிணறு' என்று பெயர் சொல்லாமல் இருட்டும் வெளிச்சமும் எங்கே எவ்வளவு பாரமாக இருக்கிறது என்று பார்க்கத் தொடங்குவீர்கள். சோளகம் வீசும் மாதங்களில் விடியற்காலையில் போய்விடுங்கள். காற்று எழும்பினால் பெல்லோஸ் ஆடும், படம் கலங்கும்.

படி 4: லென்ஸை அசைப்பது

பெரிய கமராவின் உயிர் இங்கேதான் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நல்லூர் வெளிவீதியில் நின்று கோபுரத்தை எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். சாதாரணக் கமராவை மேலே அண்ணாத்தினால் கோபுரம் பின்பக்கம் சாயும், மேலே போகப் போக ஒடுங்கும். இதில் கமராவை மட்டமாக வைத்து, பிலிம் இருக்கும் பின்பலகையைச் செங்குத்தாக விட்டு, லென்ஸ் பலகையை மட்டும் மேலே உயர்த்துகிறீர்கள். கோபுரம் நிமிர்ந்து, தன் முழுப் பாரத்தோடும் நிற்கும். எவ்வளவு உயர்த்தலாம் என்பது லென்ஸ் விழுத்தும் ஒளிவட்டத்தைப் பொறுத்தது. 4×5 பிலிமின் மூலைவிட்டம் கிட்டத்தட்ட 150 மி.மீ., லென்ஸின் வட்டம் 210 மி.மீ. அளவில் இருந்தால் தாராளமாக இடம் இருக்கும். எல்லை தாண்டினால் படத்தின் மூலைகள் கறுக்கும். எப்போதும் நிமிர்த்தத்தான் வேண்டும் என்றில்லை, பனங்கூடலுக்குள் அண்ணாந்து பார்க்கும்போது வரும் கிறுதியைக் காட்டவேண்டுமென்றால் சாயவே விடுங்கள். ஆனால் அது நீங்கள் தெரிந்து விட்டதாக இருக்கவேண்டும்.

பக்கவாட்டில் நகர்த்துவதும் இப்படித்தான். 1981இல் எரிக்கப்பட்டுப் பின்னர் மீண்டும் கட்டியெழுப்பப்பட்ட யாழ் பொது நூலகத்தின் முகப்பை எடுத்துப் பாருங்கள். முன்னால் சரஸ்வதி சிலை இருக்கிறது. சிலை நடுவே வேண்டாம் என்று நீங்கள் ஒரு பக்கம் தள்ளி நின்றாலும், பிலிமைக் கட்டடத்துக்குச் சமாந்தரமாக வைத்து லென்ஸைப் பக்கவாட்டில் நகர்த்தினால் முகப்பு கோணாமல் நேராகவே வரும்.

அடுத்தது சரித்தல். லென்ஸை முன்பக்கம் கொஞ்சம் சரித்தால் கூர்மையாகத் தெரியும் தளமும் சரிந்து படுக்கும். பிலிமின் தளம், லென்ஸின் தளம், கூர்மைத் தளம் மூன்றும் ஒரே கோட்டில் சந்திக்கவேண்டும் என்பது விதி. 1904இல் இதற்குக் காப்புரிமை பெற்ற ஒஸ்திரியர் தியடோர் ஷைம்ஃப்ளக்கின் பெயரால் அழைக்கிறார்கள். மணற்காட்டு மணல்மேட்டில் காலடியிலுள்ள மணல் வரிகளிலிருந்து தூரத்து மேடு வரை எல்லாம் கூர்மையாக வேண்டுமா? 150 மி.மீ. லென்ஸ் தரையிலிருந்து 1.5 மீற்றர் உயரத்தில் இருந்தால் 6 பாகையளவு சரிவு போதும். முதலில் தூரத்துக்குக் குவியுங்கள், லென்ஸை மெல்லச் சரித்துக் கிட்டத்தைப் பாருங்கள், திரும்பத் தூரத்தைச் சரிசெய்யுங்கள். இரண்டும் கூர்மையாகும் வரை மாறி மாறிச் செய்யவேண்டும். ஒன்று கவனிக்கவேண்டும்: கூர்மையான பகுதி கமராவுக்குக் கிட்ட மிக ஒடுக்கமாக இருக்கும், தூரப் போகப் போகத்தான் விரியும். கிட்ட ஒரு வடலி நின்றால் அதன் தலை மங்கிவிடும். துவாரத்தை எஃப் 32க்குச் சுருக்கினால் கொஞ்சம் சமாளிக்கலாம்.

இதையே எதிர்ப்பக்கம் சரித்தால், படத்தில் ஒரு மெல்லிய கீற்று மட்டும் கூர்மையாக நின்று மற்றதெல்லாம் கரையும். இந்த வித்தையை அதிகம் செய்யாதீர்கள் என்பது என் கருத்து. பார்ப்பவர் பொருளை விட்டு வித்தையைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

படி 5: நிறங்களைத் தீர்மானிப்பது

கோயில் மதிலின் காவியும் வெள்ளையுமான பட்டைகளை எடுத்துக்கொள்வோம். சிவப்பை உணராத எக்ஸ்ரே பிலிமில் எடுத்தால் காவி கன்னங்கறுப்பாகும், பட்டைகள் மேளம் அடித்ததுபோல எழும்பி நிற்கும். அதே மதிலை எச்.பி. 5இல் சிவப்பு வடிகட்டி போட்டு எடுத்தால் காவி வெளுத்து வெள்ளையோடு கலக்கும், பட்டைகள் கிட்டத்தட்ட மறைந்துபோய் மேலே வானம் கறுக்கும். மதிலும் ஒன்று, நேரமும் ஒன்று, ஆனால் இரண்டு வேறு படங்கள். கோப்பாய்ப் பக்கத்துச் செம்பாட்டுத் தோட்டங்களுக்கும் இதே கதைதான்: ஒன்றில் மண் இருண்டு கிடக்கும், மற்றதில் மண் ஒளிரும்.

அமெரிக்க ஒளிப்படக்கலைஞர் அன்செல் அடம்ஸ் 1927இல் அங்குள்ள யோசெமிட்டிப் பள்ளத்தாக்கின் ஹாஃப் டோம் பாறையை எடுத்தபோது முதலில் மஞ்சள் வடிகட்டி போட்டார். பிறகு, அந்த இடம் தனக்குத் தந்த உணர்வு அந்தப் படத்தில் வராது என்று புரிந்து, மிச்சமிருந்த கண்ணாடித் தகட்டில் கடும் சிவப்பு வடிகட்டியோடு எடுத்தார். வானம் ஏறக்குறையக் கறுப்பாக வந்த அந்தப் படம்தான் அவரை வேறொரு கலைஞராக்கியது. சாதாரணச் சிவப்பு வடிகட்டி போட்டால் மூன்று ஸ்டொப் (ஒரு ஸ்டொப் கூட்டினால் வெளிச்சம் இரட்டிக்கும், குறைத்தால் பாதியாகும்), அதாவது 8 மடங்கு வெளிச்சம் கூட்டிக் கொடுக்கவேண்டும்.

படி 6: வெளிச்சத்தை அளப்பது

நிழலுக்கு அளந்து எடு, வெளிச்சத்துக்கு அளந்து கழுவு. அடம்ஸும் பிரெட் ஆர்ச்சரும் 1940 அளவில் ஒழுங்குபடுத்திய மண்டல முறையின் சாரம் இதுதான்.

நாற்சார் வீட்டு விறாந்தையில் கமராவை வைத்து முற்றத்தைப் பார்த்து எடுக்கிறீர்கள். மீற்றரில் பிலிமின் வேகத்தை (ஐ.எஸ்.ஓ.) 200 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுக்குக் கீழே இருட்டு மூலையில், தூணின் செதுக்கல் தெரியத்தான் வேண்டும் என்று நீங்கள் நினைக்கும் இடத்தை மட்டும் அளங்கள். மீற்றர் எஃப் 22க்கு கால் செக்கன் சொல்கிறது. அப்படியே கொடுத்தால் அந்த மூலை சாம்பல் நிறமாகிவிடும், மீற்றர் எதையும் சாம்பலாக்கத்தான் பார்க்கும். நமக்கு அது நிழலாகவே வேண்டும், ஆகவே இரண்டு ஸ்டொப் குறைத்து 1/15 செக்கன். பிறகு முற்றத்து வெள்ளைச் சுவரை அளந்தால் 1/250 வருகிறது, அதாவது நடுச்சாம்பலை விட நான்கு ஸ்டொப் கூட. சாதாரணமாகக் கழுவினால் சுவரில் விபரமே இருக்காது. கழுவும் நேரத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் சுவர் திரும்பி வரும். சுவர் வெறும் வெளிச்சமாகவே எரியட்டும் என்றால் குறைக்காமல் விடலாம், அதுவும் ஒரு படம்தான்.

ஒரு செக்கனுக்கு மேல் போனால் பிலிம் சோர்ந்துவிடும். எச்.பி. 5இல் மீற்றர் 10 செக்கன் சொன்னால் 20 கொடுங்கள், 30 சொன்னால் ஏறக்குறைய 86.

படி 7: ஆளை எடுப்பதென்றால்

அம்மம்மாவைச் சாய்மனைக் கதிரையில் இருத்தி எடுங்கள், வெயில் நேரே படாத விறாந்தையில், பின்னால் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி. அமெரிக்க ஒளிப்படக்கலைஞர் ரிச்சர்ட் அவெடன் 8×10 கமராவோடு அமெரிக்க மேற்கில் தொழிலாளரையும் நாடோடிகளையும் எடுத்தது இப்படித்தான்: நிழலில், வெள்ளைத் தாளின் முன்னால், தான் கமராவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. பிலிம் ஹோல்டரைச் செருகிய பிறகு கண்ணாடியில் எதுவும் தெரியாது, நீங்களும் வெளியே வந்து ஆளை நேருக்கு நேர் பார்ப்பீர்கள். அந்தப் பார்வை படத்தில் வரும். கிட்ட எடுக்கும்போது கூர்மை ஒரு சில சென்ரிமீற்றர்தான், ஆகவே கமராவில் ஒரு நூலைக் கட்டி அவரின் கன்னம் வரை அளந்து வையுங்கள், எடுக்குமுன் ஒருமுறை சரிபாருங்கள். பெல்லோஸ் நீளும்போது வெளிச்சம் குறையும் என்பதையும் மறக்கவேண்டாம். 210 மி.மீ. லென்ஸுக்குப் பெல்லோஸ் 250 மி.மீ. வரை நீண்டால் அரை ஸ்டொப் கூட்டவேண்டும்.

எடுக்கும் ஒழுங்கு: ஷட்டரை மூடு, துவாரத்தை வை, ஷட்டரை இழு, ஹோல்டரைச் செருகு, டார்க் ஸ்லைடை எடு, பொறு, அழுத்து, ஸ்லைடைக் கறுப்பு வெளியே தெரியத் திருப்பிப் போடு. வாய்விட்டுச் சொல்லிச் செய்யுங்கள்.

படி 8: கழுவுவது

இங்கே குழாய்த் தண்ணீர் 28, 30 பாகையில் வரும், பிலிம் நேரங்களோ 20 பாகைக்கு எழுதியவை. பெரிய தட்டில் ஐஸ்கட்டி போட்டு அதற்குள் மருந்துத் தட்டுகளை வைத்து 24 பாகைக்குக் கொண்டுவாருங்கள், அதற்குக் கீழே போராடவேண்டாம். எச்.பி. 5ஐ, ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் விட்டுக் கரைத்த ஐ.டி. 11 என்ற டெவலப்பர் மருந்தில் 20 பாகையில் 13 நிமிடம் கழுவவேண்டும், 24இல் சுமார் 9. எல்லாத் தட்டும் ஒரே வெப்பத்தில் இருக்கட்டும்.

நம் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், அப்படியே காயவிட்டால் பிலிமில் வெள்ளைப் புள்ளி விழும். மருந்து கரைக்கவும் கடைசியாக அலசவும் காய்ச்சி வடித்த தண்ணீரோ, சேமித்த மழைத்தண்ணீரோ பாவியுங்கள். பாவித்து முடிந்த ஃபிக்சரில் (படத்தை நிலைப்படுத்தும் மருந்தில்) வெள்ளி இருக்கிறது. அதைக் கிணற்றடியில் ஊற்றவே கூடாது, தோட்டத்திலும் கூடாது. குடாநாட்டுக்கு நிலத்தடி நீர்தான் முக்கியமான தண்ணீர், சுண்ணக்கல்லுக்குள் ஊற்றியது நேரே அங்கேதான் போகும். ஒரு கானில் சேர்த்து மூடி வையுங்கள்.

படி 9: வெயிலில் அச்சு

4×5 நெகட்டிவ் பெரிதென்பதால் பெருக்கும் கருவி இல்லாமல் அதே அளவில் அச்செடுக்கலாம். தொடங்குபவருக்குச் சயனோடைப்தான் சரி, 1842இல் ஜோன் ஹெர்ஷல் கண்டுபிடித்த நீல அச்சு. 100 மி.லீ. தண்ணீரில் 25 கிராம் பச்சை ஃபெரிக் அமோனியம் சிற்றேற், இன்னொரு 100 மி.லீ.இல் 10 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைட். இரண்டையும் சம அளவு கலந்து நல்ல தடித்த காகிதத்தில் பூசி இருட்டில் காயவிடுங்கள். மேலே நெகட்டிவ், அதற்கு மேலே கண்ணாடி, பிறகு முற்றத்து வெயில். மத்தியான வெயிலில் பத்து நிமிடம் வைத்துப் பார்த்து, பிறகு கூட்டிக் குறையுங்கள். இந்த அச்சுக்கு அடர்த்தியான நெகட்டிவ் வேண்டும், ஆகவே படி 6இல் சொன்ன கழுவும் நேரக் குறைப்பை இதற்குச் செய்யவேண்டாம். காரத் தண்ணீர் நீலத்தை வெளுக்கச் செய்யும் என்பதால் முதல் அலசலுக்குக் கொஞ்சம் விநாகிரி விடுங்கள், மஞ்சள் போகும் வரை அலசுங்கள்.

நீலம் பொருந்தாத படங்கள் இருக்கும், அம்மம்மாவின் முகம் நீலத்தில் எனக்குப் பிடிக்காது. நன்றாகக் காய்ந்த அச்சைக் கடும் தேயிலைச் சாயத்தில் ஊறப்போட்டால் நீலம் கபிலம் கலந்த கறுப்பாக மாறும். காகிதத்தின் வெள்ளையும் சேர்ந்து பழுப்பேறும், ஆகவே வெள்ளைச் சுவர் வெள்ளையாகவே வேண்டுமென்றால் நீலத்தோடு விட்டுவிடுங்கள்.