பெங்களூரில் முதல் முதலீட்டு வீடு: காத்தாவை முதலில் பாருங்கள்
பெங்களூரில் வாடகை வருமானத்துக்காக முதல் வீட்டையோ மனையையோ வாங்க எண்ணும் நம்மவர்கள், விலை பேசத் தொடங்கும் முன்பே, அந்தச் சொத்துக்கு இருக்கும் காத்தா (சொத்து வரிக்காக மாநகராட்சி வைத்திருக்கும் பதிவு), விதிமுறைப்படி அமைந்த சொத்துக்கான ஏ காத்தாவா, முறையான ஒப்புதலில் குறை உள்ள சொத்துக்கான பி காத்தாவா என்று கேட்டுவிட வேண்டும். நகரின் ஓரங்களில் மலிவாகக் கிடைக்கும் ‘ரெவின்யூ சைட்’ பெரும்பாலும் விவசாய நிலத்தை முறையான வகைமாற்றமின்றிப் பிரித்து விற்றதாகவே இருக்கும். அதற்கு வங்கிக் கடன் கிடைப்பது கடினம் என்பதால், பின்னர் நீங்கள் விற்க முயலும்போதும் ரொக்கம் வைத்திருப்பவர் மட்டுமே வாங்க வருவார்.

கர்நாடகப் பத்திரப்பதிவுத் துறையின் காவேரி இணையதளத்தில் வில்லங்கச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். பதிவான பரிவர்த்தனைகள் இருந்தால் படிவம் 15, எதுவும் இல்லையெனில் படிவம் 16 கிடைக்கும். படிவம் 15-இல் அடமானம் பதிவாகியிருந்தால், அது தீர்க்கப்பட்டதற்கான பதிவும் உள்ளதா என்று வரிவரியாகப் பாருங்கள். பத்திரங்கள் பலவும் கன்னடத்தில் இருப்பதால், தரகர் வாய்மொழியாகச் சொல்லும் தமிழ் விளக்கத்தை நம்பாமல், கன்னடம் படிக்கத் தெரிந்த, உங்களுக்காக மட்டுமே பணியாற்றும் வழக்கறிஞரிடம் அவற்றைக் கொடுங்கள். இந்தக் கட்டணத்தில் சிக்கனம் பார்ப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

கட்டி முடியாத அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால், கர்நாடக ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) தளத்தில் திட்டத்தின் பதிவு எண்ணைச் சரிபார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.