பத்து வருசம் இருந்தால் காணி அவனுக்கா? போனிலேயே சட்டம் தேடப் பழகுவோம்

“பத்து வருசம் ஒருத்தன் காணிக்குள்ள இருந்திட்டான் எண்டா காணி அவனுக்குத்தான்.” இலங்கையில் எங்கள் திருகோணமலைப் பக்கம், சாம்பல்தீவிலும் இதைச் சொல்வார்கள், மூதூரிலும் கிண்ணியாவிலும் சொல்வார்கள். சட்டத்தைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்பவர்கள் குறைவு. முன்பெல்லாம் பார்க்க நினைத்தாலும் வழி இலேசில்லை. பழைய தீர்ப்புத் தொகுதிகள் வேண்டுமென்றால் மூத்த சட்டத்தரணி ஒருவரின் அலுமாரிக்கு முன்னால் தயங்கி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் இரவு ரயிலேறி, நீதிமன்றங்கள் உள்ள கொழும்புப் புதுக்கடைக்குப் போக வேண்டும். இப்போது அந்தத் தொகுதிகளில் பெரும்பகுதி இலவசமாகப் போனுக்கு வந்துவிட்டது. ஆனால் கையில் அகப்பட்டது முழுச் சட்டந்தானா, இன்றைக்கும் செல்லுமா என்று பார்க்கும் வேலை அப்படியே இருக்கிறது.

சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்கு ஆயத்தமாகிறவர்களையும், முதலாம் வருட மாணவர்களையும், வீட்டில் காணிப் பிரச்சினை உள்ளவர்களையும் நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். மேலே சொன்ன அந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு கடைசிவரை தேடுவோம்.

படி 1: முதலில் ஒரு கொப்பியில் எழுதுங்கள்

போனைத் தொடுவதற்கு முன் நாலு வரி எழுதுங்கள். உதாரணத்துக்கு இப்படி: உறுதி (உரிமைப் பத்திரம்) உள்ள தனியார் காணி. உரிமையாளர் 1990 இல் இடம்பெயர்ந்து போனார். 1995 முதல் பக்கத்து வளவுக்காரர் வேலி போட்டுப் பிடித்து வைத்திருக்கிறார். வாடகையோ குத்தகையோ கொடுக்கவில்லை.

“தனியார் காணி” என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். அரச காணியில் எத்தனை ஆண்டு இருந்தாலும் இந்தப் பத்து வருடக் கணக்கை அரசுக்கு எதிராகக் காட்ட முடியாது. நம் மாவட்டத்தில் பேர்மிட் காணிகள், அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணிகள், நிறைய. அவற்றுக்கு 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் இருக்கிறது, அது வேறு பாதை. இந்த இடத்தில் பிசகினால் பிறகு வாசிப்பதெல்லாம் வீண்.

படி 2: கூகுளில் தமிழில் கேட்டால் தமிழ்நாடு வரும்

“காணி பத்து வருடம் உரிமை” என்று தமிழில் அடித்துப் பாருங்கள். பட்டா, சிட்டா, பன்னிரண்டு ஆண்டு என்று யூடியூப் காணொளிகள் கொட்டும். அதில் பொய் இல்லை. 1963 ஆம் ஆண்டின் இந்தியக் காலவரையறைச் சட்டப்படி அங்கே தனியார் காணிக்குப் பன்னிரண்டு ஆண்டுதான். ஆனால் நமக்கு அது ஆகாது. தமிழில் எழுதியிருக்கிறதே என்று நம் சட்டமாக எடுத்துக்கொள்ளும் புதியவர்களை அடிக்கடி காண்கிறேன். ஆகவே தேடுபொறியில் ஆரம்பிக்காமல் நேரே மூலத்துக்குப் போங்கள்.

போக வேண்டிய இடங்கள் சில: நீதி அமைச்சின் லோநெட் (LawNet), அவுஸ்திரேலியாவிலிருந்து இலவசமாக நடத்தப்படும் கொமன்லீ (CommonLII), பாராளுமன்ற இணையத்தளம், வர்த்தமானிகளும் (அரசிதழ்கள்) சட்டங்களும் வெளியாகும் அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் தளம், உயர் நீதிமன்றத்தினதும் மேன்முறையீட்டு நீதிமன்றத்தினதும் தளங்கள். பெயர்களைக் கூகுளில் அடித்தால் வரும், புக்மார்க் போட்டுவையுங்கள். பழைய சட்டத்துக்கும் தீர்ப்புக்கும் முதல் இரண்டு. ஒன்று திறக்காவிட்டால் மற்றதைப் பாருங்கள்.

படி 3: பிரிவை முழுதாக வாசியுங்கள்

நமக்கு வேண்டியது 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். பெயரை வைத்துத் தேடுவதைவிட இலக்கத்தையும் ஆண்டையும் வைத்துத் தேடுங்கள், தடுமாற்றம் வராது. திறந்ததும் 3 ஆம் பிரிவுக்குப் போங்கள்.

அந்தப் பிரிவு நீண்ட ஒரே வாக்கியம், பழைய ஆங்கிலம். மூச்சு வாங்கும். பென்சிலால் துண்டு துண்டாகப் பிரியுங்கள். இடையூறு இல்லாமல், தொடர் அறாமல் வைத்திருக்க வேண்டும் என்பது ஒரு துண்டு. உரிமை கேட்பவரின் உரிமைக்கு எதிராகவோ, அதைச் சாராமலோ வைத்திருக்க வேண்டும் என்பது அடுத்தது. நடுவில் அடைப்புக்குறிக்குள் ஒரு விளக்கம் வரும். வாடகையோ விளைச்சலில் பங்கோ கொடுத்தால், அல்லது இன்னொருவருக்கு உரிமை உண்டு என்று ஒப்புக்கொள்வதுபோல் எதையாவது செய்தால், அந்த இருப்பு கணக்கில் வராது என்கிறது அது. கடைசித் துண்டில்தான் பத்து ஆண்டு வருகிறது, அதுவும் வழக்குத் தொடர்வதற்கு முந்திய பத்து ஆண்டு.

தேநீர்க் கடைப் பேச்சில் மிஞ்சியது அந்தக் கடைசித் துண்டு மட்டுந்தான். வழக்குகளில் கயிறிழுப்பு நடப்பது முன்னால் உள்ள துண்டுகளில். காணியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுப்போன உறவினர் தேங்காய் பறித்து அனுப்பிக்கொண்டிருந்தால் கதை வேறாகிவிடும்.

படி 4: பிறகு வந்த சட்டம் இருக்கிறதா?

புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிப்போகும் படி இது. 1871 இல் எழுதிய சட்டத்தோடு நின்றுவிட்டால் நம் உதாரணத்தில் பக்கத்து வளவுக்காரர் வென்றதுபோலத் தோன்றும்.

பாராளுமன்றத் தளத்தில் சட்டங்கள் என்ற பகுதியில் ஆண்டு வாரியாகப் பாருங்கள். 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் அகப்படும். ஆயுதக் குழுக்களின் நடவடிக்கையால் தங்கள் அசையா ஆதனத்துக்காக நீதிமன்றம் போக முடியாமலிருந்தவர்களுக்கென்று கொண்டுவந்த விசேட சட்டம் அது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலம் அதில் பேசப்படுகிறது. நம் உதாரணத்து உரிமையாளர் 1990 இல் வெளியேறியவர், வேலி 1995 இல் வந்தது. இந்தத் திகதிகளை அந்தச் சட்டத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணக்கே மாறுகிறது. அவசரப்பட்டுச் சந்தோசப்படவும் வேண்டாம். அதன் உதவியோடு வழக்குப் போடுவதற்கும் அதே சட்டத்துக்குள் ஒரு கால எல்லை உண்டு. அந்தப் பிரிவையும், யாருக்கு இது பொருந்தும் என்று சொல்லும் பொருள்கோடல் பிரிவையும் வாசித்தபிறகு அடுத்த படிக்கு வாருங்கள்.

இங்கே இரண்டு விசயம். ஒன்று, சட்டங்கள் மூன்று மொழியிலும் வெளியாகின்றன, தமிழ்ப் பிரதியைத் தாராளமாக வாசிக்கலாம். ஆனால் சட்டத்தின் வால்பகுதியில் வழக்கமாக ஒரு பிரிவு இருக்கும்: சிங்கள, தமிழ் உரைகளுக்கிடையில் ஒவ்வாமை ஏதும் ஏற்பட்டால் சிங்கள உரையே மேலோங்கும் என்று. இது எனக்குப் பிடித்த ஏற்பாடு அல்ல, ஆனாலும் சட்டம் அதுதான். ஆகையால் முக்கியமான பிரிவை மற்ற மொழிப் பிரதிகளோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். சிங்களம் வாசிக்கத் தெரியாதவர்கள் கூகுள் லென்ஸைப் பிடித்து ஓரளவு விளங்கிக்கொள்ளலாம். ஆனால் அதைச் சான்றாகக் காட்டப் போகாதீர்கள்.

மற்றது எழுத்துரு. பழைய தமிழ் பிடிஎஃப் கோப்புகளில் பல, பாமினி போன்ற யூனிகோட் அல்லாத எழுத்துருவில் செய்யப்பட்டவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், ஆனால் “காணி” என்று தேடினால் ஒன்றும் வராது. ஒரு வரியைப் பிரதிபண்ணி வட்ஸ்அப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாக விழும். கோப்பில் பிழை இல்லை. பாமினியை யூனிகோடாக மாற்றும் இலவசக் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன, அதில் போட்டு எடுங்கள். “தேடினேன், சட்டத்தில் அப்படியொரு சொல்லே இல்லை” என்று சொல்வதற்கு முன் இதைச் சோதித்துவிடுங்கள்.

படி 5: தீர்ப்பைத் தேடுவது, பின் அதை முன்னோக்கித் துரத்துவது

தீர்ப்புகளைக் குறிக்கும் முறையைப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. (1911) 15 என்.எல்.ஆர். 65 என்றால், 1911 ஆம் ஆண்டுத் தீர்ப்பு, நியூ லோ ரிப்போர்ட்ஸ் 15 ஆம் தொகுதி, 65 ஆம் பக்கம். கொமன்லீயில் அந்தத் தொடருக்குள் போய் இதைத் திறக்கலாம். வழக்கின் பெயர் கொரியா எதிர் இசெரிஸ் அப்புஹாமி, தீர்த்தது அக்காலத்தில் நமக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவிக் கவுன்சில். கூட்டு உரிமையாளர் ஒருவர் காணியில் இருப்பது மற்றப் பங்காளிகளுக்காகவும் இருப்பதாகவே கருதப்படும். மற்றவர்களை வெளித்தள்ளியதற்குச் சமமான செயல் ஒன்றைக் காட்டாமல் தனியுரிமை கேட்க முடியாது என்பது அதன் சாரம். அண்ணன் ஊரில், தங்கை கனடாவில் என்றிருக்கும் குடும்பங்கள் இதைத்தான் முதலில் வாசிக்க வேண்டும்.

அதோடு நிறுத்தினால் பாதிச் சட்டம்தான் கையில். இனி அந்தக் குறிப்பையே, அதாவது தொகுதி எண், என்.எல்.ஆர்., பக்க எண் மூன்றையும், ஆங்கிலத்தில் இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுக் கூகுளில் தேடுங்கள். அதை எடுத்தாண்ட பிந்திய தீர்ப்புகள் வரிசையாக வரும். அப்படித்தான் திலகரத்ன எதிர் பஸ்தியன், (1918) 21 என்.எல்.ஆர். 12 கிடைக்கும். மிக நீண்ட காலம் ஒரு பங்காளி தனியே வைத்திருந்தால், சூழ்நிலைகளையும் சேர்த்துப் பார்த்து, அந்த இருப்பு எப்போதோ எதிரிடையாக மாறிவிட்டது என்று நீதிமன்றம் ஊகிக்கலாம் என்கிறது அது. முதல் தீர்ப்பை மட்டும் வாசித்த தங்கை நிம்மதியாக இருந்துவிடுவார். 1978 க்குப் பிந்தியவற்றை ஸ்ரீ லங்கா லோ ரிப்போர்ட்ஸ் தொகுதிகளில் பாருங்கள், அண்மைய தீர்ப்புகளை இரண்டு நீதிமன்றத் தளங்களிலும் பாருங்கள். பெரும்பாலும் ஆங்கிலந்தான். சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்த வந்த ஒழுங்குவிதியை 2023 மார்ச்சில் பாராளுமன்றம் தோற்கடித்தது, நல்லது. ஆனாலும் தீர்ப்பு வாசிக்க ஆங்கிலம் வேண்டும். நாளொன்றுக்கு ஒரு பக்கம் வீதம் பழகலாம்.

படி 6: சாட்ஜிபிடியிடம் எதைக் கேட்கலாம்

3 ஆம் பிரிவை அப்படியே ஒட்டி, “எளிய தமிழில் துண்டு துண்டாக விளக்கு” என்று கேளுங்கள். நல்ல உதவி கிடைக்கும், மூலம் உங்கள் கண்முன்னே இருப்பதால் பிழையைப் பிடிக்கலாம். “இதற்கு வழக்குகள் தா” என்று மட்டும் கேட்டுவிட்டு அப்படியே எழுதாதீர்கள். இல்லாத வழக்குக்குப் பெயரும் பக்க எண்ணும் போட்டுத் தரும். 2023 இல் நியூயோர்க்கில் அப்படி வந்த கற்பனைத் தீர்ப்புகளை நீதிமன்றத்தில் சமர்ப்பித்த சட்டத்தரணிகளுக்கு 5,000 டொலர் அபராதம் விழுந்தது. தீர்ப்பின் பக்கத்தை நீங்களே திறந்து பார்க்கும்வரை அது உங்களுக்கு வழக்கு அல்ல.

படி 7: நெட்டில் இல்லாதவை

உறுதிகளின் பதிவு விபரம் காணிப் பதிவகத்தில் இருக்கும். பிரதேச செயலகத்திலுள்ள கோப்பு வேண்டுமென்றால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். சம்பூர் மாதிரி வர்த்தமானியோடு தொடர்புபட்ட காணி என்றால், கையகப்படுத்திய அறிவித்தலோடு நின்றுவிடாமல், அதை ரத்துச் செய்த அறிவித்தல் பிறகு வந்ததா என்றும் அச்சகத் திணைக்களத் தளத்தில் பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: படி 1 இல் எழுதிய நாலு வரி, சட்ட இலக்கங்கள், பிரிவுகள், தீர்ப்புக் குறிப்புகள், ஒவ்வொன்றையும் எந்தத் தளத்தில் எந்தத் திகதியில் பார்த்தீர்கள் என்பது. மாணவர் என்றால் அது உங்கள் குறிப்பு. காணிக்காரர் என்றால் உறுதியின் போட்டோகொப்பியோடு சேர்த்துச் சட்டத்தரணியிடம் கொண்டுபோங்கள். செலவுக்கு வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அங்கே வருமான விபரமும் கேட்பார்கள், கிராம சேவகரின் கடிதத்தையும் கையோடு எடுத்துப் போவது நல்லது.