மாலை ஆறு மணிக்கு வீட்டு பேட்டரியை வேலை வாங்குவது எப்படி?

கூரையில் சோலார் போட்ட வீடுகள் பெருகப் பெருக மின்வாரியத்துக்கு ஒரு புதுச் சிக்கல் வந்திருக்கிறது. நண்பகலில் கரண்ட் மிஞ்சுகிறது, பொழுது சாய்கிற அதே நேரத்தில் வீட்டுக்கு வீடு லைட், டிவி, மிக்ஸி, கோடையானால் ஏசி எல்லாம் ஒன்றாக ஓட ஆரம்பிக்கின்றன. மே மாத ராத்திரியில் லோ வோல்டேஜ் வருவதும் தெரு டிரான்ஸ்ஃபார்மரில் பியூஸ் போவதும் பெரும்பாலும் இதனால்தான்.

ஆனைமலையில் உள்ள காடம்பாறை மின்நிலையத்தில் கரண்ட் மிஞ்சும்போது தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது கீழே இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். அதன் திறன் 400 மெகாவாட். வீட்டு பேட்டரியும் சிறிய அளவில் அதே வேலையைத்தான் செய்கிறது. 4 லட்சம் வீடுகள் மாலையில் தலா 1 கிலோவாட்டை கிரிட்டிலிருந்து, அதாவது மின்வாரிய லைனிலிருந்து, எடுக்காமல் இருந்தால் இன்னொரு காடம்பாறை கிடைத்த மாதிரி. அதுவும் கரண்ட் செலவாகிற இடத்திலேயே இருப்பதால் லைனில் வெகுதூரம் வர வேண்டியதில்லை. ஒரு லைனில் ஓடும் ஆம்பியர் பாதியானால் அதில் வெப்பமாக வீணாவது கால்வாசியாகிவிடும்.

ஆனால் நம் வீடுகளில் பேட்டரி என்ன செய்கிறது? கரண்ட் போவதற்காகக் காத்துக்கொண்டு நாள் முழுக்க நிரம்பியே நிற்கிறது. அதைத் தினமும் மாலை வேலை செய்ய வைப்பது எப்படி என்று முதலிலிருந்து பார்ப்போம்.

1. மீட்டரைப் படியுங்கள்

மாலை ஆறு மணிக்கு இபி மீட்டர் முன்னால் நில்லுங்கள். திரையில் எண்கள் மாறி மாறி வரும், கே.டபிள்யூ.ஹெச். என்று காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், அதுதான் யூனிட். இரவு பத்துக்கும் காலை ஆறுக்கும் மறுபடி குறியுங்கள். ஒரு வாரம் இப்படிச் செய்தால் மாலையில் எவ்வளவு, இரவில் எவ்வளவு என்று உங்கள் வீட்டுக் கணக்கு கைக்கு வந்துவிடும். விற்க வருபவர் சொல்லும் கணக்கைவிட இது நம்பகமானது.

2. எதை ஓட்டப் போகிறீர்கள்?

கிலோவாட் என்பது ஒரே நேரத்தில் எவ்வளவு இழுக்கிறது என்பது, யூனிட் என்பது மொத்தம் எவ்வளவு செலவானது என்பது. ஒரு கிலோவாட், அதாவது 1000 வாட், ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் எல்லாக் கணக்கும் தப்பும்.

ஒரு சாதாரண வீட்டை எடுத்துக்கொள்வோம். கரண்ட் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி ஃபேன் மூன்று, தலா 30 வாட். எல்இடி பல்பு ஆறு, தலா 9 வாட். டிவி 80, வைஃபை 12, ஃபிரிட்ஜ் விட்டு விட்டு ஓடுவதால் சராசரி 55 என்று வைக்கலாம். மொத்தம் சுமார் 300 வாட். ஆறு முதல் பத்து வரை ஓடினால் 1.2 யூனிட். அதற்குப்பின் விடியும்வரை இரண்டு ஃபேன், ஃபிரிட்ஜ், வைஃபை, அது சுமார் 1 யூனிட். ஆக 2.2.

பழைய 75 வாட் ஃபேன் மூன்று இருந்தால் இதோடு இன்னும் 135 வாட் சேரும். பேட்டரி வாங்கும் முன் ஃபேனை மாற்றுங்கள், பணம் மிச்சமாகும். தண்ணீர் மோட்டாரைப் பேட்டரி பக்கம் கொண்டுவரவே வேண்டாம், ஸ்டார்ட் ஆகும்போது அது வழக்கத்தைப் போலப் பல மடங்கு இழுக்கும். பகலில் வெயில் இருக்கும்போது டேங்கை நிரப்பிவிடுங்கள்.

3. எந்த பேட்டரி, எவ்வளவு?

வீடுகளில் வழக்கமாக இருக்கும் 12 வோல்ட் 150 ஆம்பியர் அவர் டியூபுலர் (ஈய-அமில) பேட்டரி கணக்குப்படி (இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால்) 1.8 யூனிட். ஆயுள் கெடாமல் அதில் பாதியைத்தான் எடுக்கலாம், இன்வெர்ட்டர் தின்பது போக 0.7 யூனிட் அளவுக்குத்தான் கைக்கு வரும். கரண்ட் போனால் சமாளிக்க அது போதும். தினமும் மாலையில் இறக்கி ஏற்றும் வேலைக்கு அது சரிப்பட்டு வராது.

அந்த வேலைக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வேண்டும். 51.2 வோல்ட் 100 ஆம்பியர் அவர் என்றால் 5.12 யூனிட். கரண்ட் போனால் இருக்கட்டும் என்று 30 சதவீதத்தைத் தொடாமல் வைத்தாலும், இழப்பு போக 3.2 யூனிட் எடுக்கலாம். மேலே போட்ட 2.2 போக மிச்சத்தில் ஏசியைக்கூட ஒரு மணி நேரம் போடலாம்.

செலவைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நெட் மீட்டர் (கிரிட்டிலிருந்து எடுத்ததையும் கொடுத்ததையும் கணக்கிடும் மீட்டர்) இருக்கும் வீட்டில் பேட்டரியால் பில் பெரிதாகக் குறையாது, ஏனென்றால் பகலில் கிரிட்டுக்குக் கொடுத்த யூனிட் எப்படியும் கணக்கில் கழிகிறது. குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம், மாலையும் பகலும் ஒரே விலை என்று இருக்கும்வரை பேட்டரியின் லாபம் கரண்ட் போகாமல் இருப்பதில்தான். நேரத்துக்கு ஒரு விலை வந்தால் கணக்கு மாறும். ஸ்மார்ட் மீட்டர் பொருத்தியபின் வீடுகளுக்கும் அப்படி ஒரு விலை வர வேண்டும் என்று 2023-ல் மத்திய அரசு விதி திருத்தியிருக்கிறது: சூரிய நேரத்தில் குறைந்தது 20 சதவீதம் மலிவு, உச்ச நேரத்தில் கூடுதல் விலை.

4. இன்வெர்ட்டரும் வயரிங்கும்

சோலாருக்கு வைக்கும் சாதாரண ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். வெயில் கொளுத்தினாலும் ஃபேன் ஓடாது. லைனில் வேலை பார்க்கும் ஊழியருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். பேட்டரி வேண்டுமென்றால் சோலார், பேட்டரி, கிரிட் மூன்றையும் சேர்த்து இயக்கும் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் கேளுங்கள். பிரதமர் சூர்யா கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை கிடைக்கும் மானியம் சோலாருக்குத்தான், பேட்டரி உங்கள் செலவு. நெட் மீட்டருக்கு விண்ணப்பிக்கும்போதே ஹைப்ரிட் என்று சொல்லி, இபி ஆபீசில் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொண்டு அப்புறம் முன்பணம் கொடுங்கள்.

பேட்டரியில் ஓட வேண்டியவற்றுக்குத் தனி டிபி பாக்ஸ் (லைனைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) போடச் சொல்லுங்கள். இங்கே எலக்ட்ரீஷியன் பக்கத்திலேயே நில்லுங்கள். பழைய வீடுகளில் எல்லா ரூமுக்கும் ஒரே நியூட்ரல் ஓடும். பேஸ் வயரை மட்டும் பிரித்துவிட்டு நியூட்ரலை அப்படியே விட்டால் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும். நியூட்ரலும் பிரிய வேண்டும். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில் டிசி பியூஸோ டிசி எம்சிபியோ (பேட்டரியின் நேர் மின்சாரத்துக்கான தானியங்கி சுவிட்ச்) கட்டாயம், வீட்டு லைனுக்கான ஏசி எம்சிபியை வைத்து ஒப்பேற்ற விடாதீர்கள். பேட்டரிக்கு நிழலும் காற்றும் வேண்டும். மாடிப்படிக்குக் கீழே வேண்டாம், தீ என்றால் வெளியே ஓடும் வழி அதுதான்.

5. செட்டிங்

இந்த ஒரு வேலைக்காகத்தான் இவ்வளவும். பல ஹைப்ரிட் இன்வெர்ட்டர்களில் எஸ்பியு என்று ஒரு மோடு இருக்கும்: முதலில் சோலார், அடுத்து பேட்டரி, கடைசியில் கிரிட். அதைத் தேர்ந்தெடுங்கள். நேரம் வைக்கும் வசதி இருந்தால் மாலை 6 முதல் 10 வரை பேட்டரி என்று போட்டு, மிச்சம் இருப்பதை இரவுக்கு விடுங்கள். 30 சதவீதம் வந்ததும் கிரிட்டுக்கு மாறட்டும். மழைக்காலத்தில், புயல் எச்சரிக்கை இருந்தால் அந்த 30-ஐ 80-க்கு ஏற்றிவிடுங்கள்.

சார்ஜ் எங்கிருந்து என்று கேட்கும் இடத்தில் 'சோலார் மட்டும்' என்று வையுங்கள். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். இரவு ஏழு மணிக்குக் கரண்ட் போய் எட்டுக்கு வந்ததும் தெருவில் உள்ள எல்லா இன்வெர்ட்டரும் ஒரே நொடியில் சார்ஜ் ஏற ஆரம்பிக்கும். ஒன்று 250 வாட் இழுத்தால் 60 வீட்டுக்கு 15 கிலோவாட், அது ஏற்கெனவே திணறும் 100 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் தலையில். சோலார் இல்லாத வீடா? சார்ஜ் ஆம்பியரைக் குறைத்து வையுங்கள், இரவு பதினொன்றுக்கு மேல் ஏறும்படி நேரம் வைக்க முடிந்தால் இன்னும் நல்லது.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் கிரீன் மவுண்டன் பவர் என்ற மின் நிறுவனம் வாடிக்கையாளர் வீடுகளில் உள்ள பேட்டரிகளை உச்ச நேரத்தில் தானே ஒருசேர இயக்குகிறது. நம் தெருவுக்கு இப்போதைக்கு ஒரு டைமர் போதும்.

6. மாதம் ஒருமுறை

லித்தியம் பேட்டரியின் வோல்டேஜ் நிரம்பும்போதும் இறங்கும்போதும் நடுவில் அதிகம் மாறாது. அதனால் திரையில் காட்டும் சதவீதம் நாள்பட நாள்பட உண்மையிலிருந்து விலகும். நல்ல வெயில் உள்ள ஒரு நாளில் 100 வரை ஏறவிட்டு, ஒரு மணி நேரம் அப்படியே வையுங்கள். உள்ளே 16 செல்லும் சமமாகும், சதவீதமும் சரியாகும். அதே நாளில் டெர்மினல் நட்டுகள் தளர்ந்திருக்கிறதா, வயர் சூடாகிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.