காணிக்கை கொடுக்குமுன் நோக்கத்தைச் சீர்ப்படுத்திக்கொள்வது எப்படி?

மலேசியாவில் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிறு பட்டணத்துத் தமிழ்ச் சபையில், யார் எந்தத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார், யாருடைய மகள் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள், யார் வீட்டு நகை இந்த மாதம் அடகுக் கடைக்குப் போனது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த செய்திகள். யார் எவ்வளவு காணிக்கை கொடுத்தார் என்பதும் அங்கே அதிக நாள் மறைவாக இருப்பதில்லை. ஆகவே தாராளமாகக் கொடுக்க விரும்பும் ஒரு விசுவாசிக்குத் தொகையைவிட நோக்கமே பெரிய சிக்கலாகிறது. உட்கார்ந்து மனத்தை ஆராய்வதால் மட்டும் நோக்கம் தூய்மையாகிவிடாது. தவறான நோக்கத்துக்கு இடம் கிடைக்காதபடி கொடுக்கும் முறையையே மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. நோக்கம் முழுவதும் சுத்தமான பிறகு கொடுக்கலாம் என்று காத்திருப்பவர்கள் பெரும்பாலும் கொடுப்பதே இல்லை.

முதலில், பவுல் எப்படிக் கேட்டார் என்பதைக் கவனியுங்கள். எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்காகப் பணம் திரட்டியபோது அவர் 2 கொரிந்தியரில் 8, 9 ஆகிய இரண்டு அதிகாரங்களையும் அதற்கென்றே ஒதுக்குகிறார்; ஆனாலும் இதைக் கட்டளையாகச் சொல்லவில்லை என்று தெளிவாக எழுதுகிறார். கடும் வறுமையிலிருந்த மக்கெதோனியா சபையார் தங்கள் சக்திக்கு மிஞ்சிக் கொடுத்ததையும், அதற்கு முன்பே அவர்கள் தங்களைக் கர்த்தருக்கு ஒப்புக்கொடுத்திருந்ததையும் சொல்லி, ஐசுவரியமுள்ளவராயிருந்தும் நமக்காகத் தரித்திரரான கிறிஸ்துவிடம் வாசகரைக் கொண்டுபோய் நிறுத்துகிறார். ஏற்கெனவே பெற்றுக்கொண்டவர்கள் கொடுக்கிறார்கள் என்பதே அந்த வாதம். எனவே காணிக்கை உறையைக் கையில் எடுக்கும்போது, சென்ற வாரம் கேட்காமலே கிடைத்த ஏதாவது ஒன்றைக் குறிப்பாக நினைத்துப் பாருங்கள்: மழையில் வழுக்கிய தோட்டப் பாதையில் மோட்டார் சைக்கிளோடு விழுந்த மகன் காயமின்றி வீடு வந்ததாக அது இருக்கலாம். பொத்தாம்பொதுவாக "எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம்" என்று சொல்வதைவிட இது மனத்தைச் சீக்கிரம் திருப்பும்.

அடுத்து, தொகையை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். வாரத்தின் முதல் நாளில் அவனவன் தன் வரவுக்குத் தக்கதைச் சேர்த்துவைக்கும்படி 1 கொரிந்தியர் 16:2 சொல்வதும், "தன் மனதில் நியமித்தபடியே" கொடுக்கும்படி 2 கொரிந்தியர் 9:7 சொல்வதும் இதைத்தான். பாட்டும் பிரசங்கமும் மனத்தை இளக்கிய நேரத்தில் எடுக்கும் முடிவு திங்கட்கிழமை வருத்தமாக மாறக்கூடும். 2025ஆம் ஆண்டில் 1,700 வெள்ளியாக (ரிங்கிட்) உயர்த்தப்பட்ட குறைந்தபட்சச் சம்பளத்தை வாங்கும் ஒரு தொழிலாளிக்குச் சேமநிதியும் சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் பிடித்தது போக ஏறத்தாழ 1,500 வெள்ளி கைக்கு வரும். வாடகை, அரிசி, பள்ளிப் பேருந்துக் கட்டணம் ஆகியவற்றைக் கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதிப் பார்த்து, பத்தில் ஒரு பங்கான தசமபாகமாக 150 வெள்ளியோ, அதற்குக் குறைவோ, அதற்கு மேலோ இருவரும் ஒப்புக்கொண்டு எடுத்து வைக்கட்டும். இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே ஏற்றுக்கொள்ளப்படும் என்று 2 கொரிந்தியர் 8:12 சொல்லியிருக்கும்போது, கடன் வாங்கிக் காணிக்கை போடுவதை நான் பக்தியாகக் கருதுவதில்லை. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் கொர்பான், அதாவது தேவனுக்குக் கொடுத்த காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு மாற்கு 7இல் கண்டித்ததும் நினைவிருக்கட்டும். பணமே இல்லாத வீடுகளில் நம் பாட்டிமார் ஒவ்வொரு வேளையும் உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்து வைத்தார்கள். யாரும் பார்க்காத சமையலறையில் நடந்த அந்தப் பழக்கம் நோக்கத்துக்கு நல்ல பயிற்சி.

நோக்கம் மிக எளிதில் தடுமாறும் இடம் அறுப்பின் பண்டிகை ஏலம். கடையில் நாற்பது வெள்ளிக்குக் கிடைக்கும் நாட்டுக்கோழி ஒன்று, காலைக் கட்டியபடி மேசைமேல் கிடக்க, நூறு, நூற்றிருபது என்று ஏறிக்கொண்டே போகும். நூற்றைம்பதைத் தாண்டியதும் மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள, சம்பந்தி வீட்டார் இருவர் மட்டும் எதிரெதிரே நின்று கேட்பார்கள்; அப்போது அந்தக் கோழியைக் கர்த்தருக்காகக் கேட்கிறார்களா, போன ஆண்டுக் கல்யாணத்தில் நடந்ததற்காகக் கேட்கிறார்களா என்பது பின்வரிசைச் சிறுவனுக்குக்கூடத் தெரியும். ஏலத்தை நிறுத்த வேண்டியதில்லை. அதில் சிரிப்பும் உறவும் உண்டு, சபைக்குப் பணமும் சேருகிறது. ஆனால் அன்று மொத்தம் எவ்வளவு செலவிடுவது என்பதை முன்தினமே முடிவு செய்து, அந்த நோட்டுகளை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லை வந்ததும் வாயை மூடிக்கொள்ளுங்கள். தோற்றபோது மனம் லேசாக இருந்தால் நல்லது. கூனிக் குறுகினால், அதுவரை கேட்ட விலை எதற்காக என்பது புரிந்துவிடும். மிஞ்சிய பணத்தை அன்றே ஒரு வெற்று உறையில் போட்டு, பெயர் எழுதாமல் பெட்டியில் சேர்த்துவிடலாம்.

வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்னும் மத்தேயு 6:3 காணிக்கைப் பைக்கு மட்டும் உரியதன்று. கியூஆர் வழியாக அனுப்புகிறவர்கள் அந்தத் திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடாமல் இருந்தால் போதும். அதே சமயம், பலர் அறியக் கொடுப்பது எல்லாமே பாவமும் ஆகாது. அப்போஸ்தலர் நடபடிகள் 4இல் நிலத்தை விற்று அப்போஸ்தலரின் பாதத்தில் பணத்தை வைத்த பர்னபா மறைவாகச் செய்யவில்லை. அடுத்த அதிகாரத்தில் அனனியாவும் சப்பீராளும் விழுந்ததற்குக் காரணம் தங்கள் நிலத்தை விற்ற பணத்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டது அன்று. நிலமும் பணமும் அவர்கள் வசத்திலேயே இருந்தன என்று பேதுரு சொல்கிறார். முழுவதையும் கொடுத்ததாகக் காட்டிக்கொண்டதே பொய்.

கொடுத்தால் பல மடங்காகத் திரும்பும் என்று சொல்லும் பிரசங்கத்தைப் பற்றி வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். 1960இல் மலாயா இந்தியர்களின் தலைவர்களில் ஒருவரான துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பால்மரம் வெட்டிய நம் முன்னோர் அதில் பங்கு வாங்கினார்கள். பங்கு வாங்கியவர் லாபத்தை எதிர்பார்த்தது முறையே. காணிக்கை பங்கு அன்று. தசமபாகத்துக்கு ஆசீர்வாதத்தை வாக்களிக்கும் மல்கியா 3:10ஐக் காட்டி லாபம் எதிர்பார்க்கச் சொல்வதும், வீட்டில் நோய் வந்தால் தசமபாகம் தவறியதால்தான் என்று பயமுறுத்துவதும் ஒரே தவறின் இரு பக்கங்கள். இந்த எதிர்பார்ப்பிலிருந்து விடுபட, திருப்பித் தர முடியாதவர்களுக்கு அவ்வப்போது கொடுத்துப் பழகுங்கள். லூக்கா 14இல் விருந்துக்கு யாரை அழைக்க வேண்டும் என்று இயேசு சொன்னதும் அதுதான். பக்கத்து வீட்டு வரிசையில் பிள்ளைகளைப் பிரிந்து தனியாக இருக்கும் இந்துப் பாட்டி, தோட்டத்தில் உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கும் இந்தோனேசியப் பெண், சம்பளம் தாமதமான வங்காளதேசத் தொழிலாளி ஆகியோருக்கு அரிசியும் எண்ணெயும் கொடுக்கும்போது பைக்குள் துண்டுப் பிரசுரம் வைக்க வேண்டாம். முஸ்லிம்களிடம் பிற சமயப் பரப்புரை செய்வதைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் பல மாநிலங்களில் இருப்பது ஒரு புறம்; ஆள் சேர்க்கும் எண்ணத்தோடு கொடுத்த அரிசியும் ஒரு வகைப் பேரமே என்பது மறுபுறம்.

யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால், மத்தேயு 5:23-24 சொல்கிறபடி முதலில் அவர் வீட்டுக்குப் போய்வாருங்கள். அந்த வீட்டுப் படியை மிதிக்க மனமில்லாமல் காணிக்கையைக் கூட்டிப் போடுகிறவர்கள் உண்டு.

கொடுத்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. சபைக் குழுக் கூட்டத்தில் "என் காசில் போட்ட ஓடு" என்று பேச்சு எழுந்தால், கொடுத்தது இன்னும் கையை விட்டுப் போகவில்லை என்று பொருள். கணக்குக் கேட்பது வேறு. பெருந்தொகையைக் கொண்டுபோகும்போது ஒருவரும் குற்றம் சொல்ல இடமிருக்கக் கூடாது என்று பவுல் நம்பிக்கையான சகோதரரையும் உடன் அனுப்பினார். அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை ஐந்து வெள்ளி போட்டவருக்கும் ஐயாயிரம் வெள்ளி போட்டவருக்கும் ஒன்றே. ஆகவே, ஆண்டுக் கூட்டத்தில் கணக்கை ஆங்கிலத் தாளாக மட்டும் கொடுத்துவிடாமல், தமிழில் ஒவ்வொரு வரியாக வாசிக்கும்படி பொருளாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.