சமையல் மேடைச் சுவருக்கு டைல்ஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமையல் மேடைக்கு மேலே, மேல் அலமாரிக்குக் கீழே இருக்கும் அந்தச் சுவருக்கு டைல்ஸ் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலும் நிறத்தையும் டிசைனையும்தான் பார்க்கிறோம். சில வருடங்கள் கழித்து அதே சுவரைக் கவனியுங்கள். டைல் அப்படியே பளபளவென்று இருக்கும். கறுத்திருப்பது டைல்களுக்கு நடுவே உள்ள இடுக்கு. விரிசல் விட்டிருப்பது சுவரும் மேடையும் சேரும் கோடு. கண்ணை உறுத்துவது டைல்ஸ் முடிகிற ஓரம். அதனால், டைல் தேடி அலையும் நேரத்தில் பாதியையாவது இடுக்குக்கும் ஓரத்துக்கும் கொடுக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

கடையில் நடக்கும் தவறு

ஒரே ஒரு டைலைக் கையில் எடுத்து, கடை வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்வதுதான் முதல் தவறு. இரண்டு மூன்று மாதிரிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, அதே சுவரில் சாய்த்து வைத்து, பகலில் ஒரு தடவையும் இரவில் விளக்கைப் போட்டு ஒரு தடவையும் பாருங்கள். மேல் அலமாரிக்கு அடியில் எல்இடி பட்டை விளக்கு வைப்பதாக இருந்தால் இது இன்னும் முக்கியம். பளபளப்பான டைலில் அந்த விளக்கு புள்ளி புள்ளியாகப் பிரதிபலிக்கும். சுவரை ஒட்டி மேலிருந்து விழும் வெளிச்சம், ஒரு டைல் பக்கத்து டைலைவிட ஒரு மில்லிமீட்டர் துருத்தியிருந்தால்கூடக் காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது அளவு. சின்னச் சின்ன மொசைக் பார்க்க அழகுதான். ஆனால் இடுக்கின் நீளத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 30-க்கு 60 செ.மீ. டைல் போட்டால் ஒரு சதுர மீட்டர் சுவரில் ஏறத்தாழ 5 மீட்டர் இடுக்கு வரும். 10 செ.மீ. சதுர டைலில் அது 20 மீட்டர். 2.5 செ.மீ. மொசைக்கில் 80 மீட்டர்! எண்ணெய் தெறிக்கிற அடுப்புக்குப் பின்னால் அந்த 80 மீட்டரைத் தேய்த்துக் கழுவப்போவது யார் என்று யோசித்துவிட்டு வாங்குங்கள். மேடு பள்ளமாகச் செதுக்கிய டைலுக்கும் சொரசொரப்பான கல்லுக்கும் இதே கேள்விதான். அவற்றை அடுப்பிலிருந்து தள்ளி வைத்தால் தொல்லை இல்லை.

மார்பிள் பற்றி ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது: மேலே சீலர் பூசிவிட்டால் ஒன்றும் ஆகாது என்பது. சீலர் கறை உள்ளே இறங்குவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். மார்பிளின் அடிப்படைப் பொருள் கால்சியம் கார்பனேட். எலுமிச்சைச் சாறோ வினிகரோ பட்டால் அமிலம் கல்லையே அரித்துவிடும், அந்த இடம் மங்கிப்போகும். இது கறை இல்லை என்பதால் துடைத்தும் போகாது.

ஒட்டும் ஸ்டிக்கர்களும் பிவிசி ஷீட்டுகளும் அடுப்புக்குப் பின்னால் வேண்டாம். பிவிசி சுமார் 80 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கிவிடும். முழுக் கண்ணாடிப் பலகை நல்ல தேர்வு, இடுக்கே இல்லை. ஆனால் டஃபன் செய்த, அதாவது சூடேற்றி வலுவூட்டிய கண்ணாடியை அப்புறம் வெட்டவோ துளையிடவோ முடியாது, முயன்றால் மொத்தமாக நொறுங்கிவிடும். பிளக் பாயிண்ட்டுக்கான துளைகளை முன்பே துல்லியமாக அளந்து கொடுக்க வேண்டும்.

ஒட்டுவதற்கு முன்னால்

பெரும்பாலான வேலைகள் கெட்டுப்போவது இங்கேதான். ஆனால் இந்தக் கட்டத்தை யாரும் புகைப்படம் எடுத்துக் காட்டுவதில்லை.

முதலில் சுவர். 3 மீட்டர் நீளத்தில் 6 மில்லிமீட்டருக்கு மேல் மேடு பள்ளம் இருக்கக் கூடாது. ஒரு பக்கம் 38 செ.மீ. அல்லது அதற்கு மேல் நீளமுள்ள டைல் என்றால் 3 மில்லிமீட்டர்தான் எல்லை. நேரான கட்டையைச் சுவரில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். பள்ளத்தைப் பசையாலேயே நிரப்பிச் சரிக்கட்டுவது பரவலான பழக்கம். மெல்லிய படலமாகப் பூசத் தயாரித்த பசையைத் தடிமனாக அப்பினால், காயும்போது சுருங்கி டைலை உள்ளே இழுக்கும். பூச்சு வேலையில் சுவரைச் சமமாக்கி, அது காய்ந்த பிறகு டைலுக்கு வருவதே சரி. பழைய சுவரில் எண்ணெய்ப் பிசுக்கையும் உரிகிற பெயிண்ட்டையும் அகற்றாமல் ஒட்டினால், டைல் பிடித்திருப்பது சுவரை அல்ல, அந்தப் பெயிண்ட்டை. பெயிண்ட் கழன்றால் டைலும் சேர்ந்து வரும்.

பிறகு வரிசை. மேடைக் கல் பதித்து முடிந்த பிறகுதான் சுவர் டைல். மாற்றிச் செய்தால் கல்லுக்கும் டைலுக்கும் நடுவே கோணல் இடைவெளி விழும். பிளக் பாயிண்ட்டுகள் எங்கே வரும், எத்தனை வேண்டும் என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். டைல் ஒட்டியதும் சுவர் முன்னால் வந்துவிடும், சுவிட்ச் பெட்டி மட்டும் உள்ளே பதுங்கிவிடும். நீளமான திருகைப் போட்டு மூடியை இழுத்துக் கட்டுவது தீர்வாகாது. பெட்டியையே டைல் மட்டத்துக்கு முன்னால் கொண்டுவர வேண்டும். இந்த வேலை நடக்கும்போது மெயின் சுவிட்ச் அணைந்திருக்கட்டும்.

பசை எடுப்பதற்கு முன் டைல்களைத் தரையில் அடுக்கிப் பாருங்கள். இடது மூலையிலிருந்து ஆரம்பித்து வலது மூலையில் விரல் அகலத் துண்டு வைத்து முடிக்கும்படி ஆகிவிட்டால், அந்தத் துண்டு கடைசிவரை உறுத்திக்கொண்டே இருக்கும். நடுவிலிருந்து இரு பக்கமும் அளந்து, இரண்டு ஓரத்திலும் பாதி டைலுக்குக் குறையாமல் வருமாறு நகர்த்திக்கொள்ளலாம். மேடை மட்டமாகத்தான் இருக்கும் என்று நம்பி அதன் மேலேயே முதல் வரிசையை வைக்காதீர்கள். ரசமட்டம் வைத்துச் சுவரில் கோடு போட்டு, அந்தக் கோட்டைப் பிடித்து வேலை செய்யுங்கள்.

நீள டைல்களைச் செங்கல் அடுக்கு மாதிரி பாதிக்குப் பாதி தள்ளி ஒட்டுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. தயாரிப்பின்போது சூளையில் சுடுகையில் நீள டைல் நடுவில் இலேசாக வளையும். ஒன்றின் மேடான நடுப்பகுதிக்குப் பக்கத்தில் இன்னொன்றின் தாழ்ந்த முனை வரும்போது படி தெரியும். 38 செ.மீ.க்கு மேல் நீளமென்றால், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தள்ளாமல் ஒட்டுவது நல்லது.

பசையும் இடுக்கும்

விட்ரிஃபைட் டைலை வெறும் சிமெண்ட் பாலில் ஒட்டினால் கழன்று வருவதற்குக் காரணம் இருக்கிறது. அது தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாது. சிமெண்ட் பிடித்துக்கொள்ள உள்ளே இடமே இல்லை. அதற்குப் பாலிமர் கலந்த டைல் பசைதான் வேண்டும். சாதாரணச் சுவர் செராமிக் டைல் 10 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சும். அதனால்தான் சிமெண்ட்டில் ஒட்டுவதற்கு முன் அதை ஊறவைக்கிறார்கள். பாலிமர் பசைக்கு ஊறவைக்கத் தேவையில்லை, வைக்கவும் கூடாது.

டைலின் பின்னால் நான்கு மூலையிலும் நடுவிலும் ஒரு உருண்டை பசை வைத்து அப்பிவிட்டுப் போவதைப் பார்த்தால் உடனே நிறுத்துங்கள். வேகமாக முடியும், உண்மை. ஆனால் உள்ளே வெற்றிடம் நிற்கும். தட்டினால் டொக்டொக் என்று கேட்கும். கனமான பாத்திரம் இடித்தால் அந்த இடத்தில்தான் உடையும். பல் வெட்டிய கரண்டியால், சீப்பு வாரியது போலப் பசையை ஒரே திசையில் இழுத்துவிட்டு, டைலை அழுத்தி இலேசாக அசைக்க வேண்டும். ஈரம் படாத சுவரில்கூட டைலின் பின்பக்கம் 80 சதவீதமாவது பசை படிந்திருக்க வேண்டும். இதைச் சோதிக்க ஒரே வழி, ஒட்டிய டைல் ஒன்றை உடனே பிய்த்துப் பார்ப்பதுதான். கேட்கத் தயங்காதீர்கள்.

இடுக்கே இல்லாமல் நெருக்கி ஒட்டச் சொல்வது இன்னொரு தவறு. எந்த இரண்டு டைலும் துல்லியமாக ஒரே அளவில் இருப்பதில்லை. இடைவெளியைச் சீராக வைக்கும் சின்னத் துண்டான ஸ்பேசரை வைத்து 2 மில்லிமீட்டராவது விடுங்கள். இடுக்கை நிரப்பும் கலவையான க்ரௌட்டில் மணல் கலந்தது, கலக்காதது என்று இரண்டு வகை. 3 மில்லிமீட்டருக்குக் குறைந்த இடுக்கில் மணல் கலந்தது சரியாக இறங்காது. கண்ணாடி டைலைக் கீறவும் செய்யும். சிமெண்ட் க்ரௌட்டை எளிதாகப் பூசலாம் என்று தண்ணீரைக் கூட்டிவிட்டால் நிறம் திட்டுத்திட்டாக வரும், வலுவும் போகும். பசை இறுகக் குறைந்தது ஒரு நாள் விட்டுவிட்டு க்ரௌட் போடுவதும் அவசியம். அடுப்புக்குப் பின்னால், சிமெண்ட்டுக்குப் பதில் பிசினால் ஆன எபாக்ஸி க்ரௌட்டுக்குக் கூடுதலாகச் செலவு செய்யலாம் என்பேன், அது எண்ணெயை உறிஞ்சாது. ஆனால் பூசியவுடனே டைலைத் துடைத்துவிட வேண்டும். காய்ந்த பிறகு படலம் நீங்குவது மிகக் கடினம்.

சுவரும் மேடையும் சேரும் கோட்டில் மட்டும் எந்த க்ரௌட்டும் வேண்டாம். மேடைக் கல்லும் சுவரும் ஒன்றுபோல் அசைவதில்லை. க்ரௌட் வளைந்து கொடுக்காது, அதனால் விரிசல் விடும். அதன் வழியே தண்ணீர் பின்னால் இறங்கும். அங்கே சுமார் 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, க்ரௌட் நிறத்துக்குப் பொருந்தும் சிலிகான் போட வேண்டும். இரண்டு சுவர்கள் சேரும் உள்மூலைக்கும் இதேதான்.

டைல்ஸ் முடிகிற ஓரத்தைப் பற்றிப் பலரும் கடைசி நாளில்தான் யோசிக்கிறார்கள். ஓரத்துக்கு வைக்கும் உலோகப் பட்டை டைலுக்கு அடியில் பசையிலேயே பதிய வேண்டியது, பிறகு செருக முடியாது. முடிகிற இடமும் மேல் அலமாரியின் விளிம்போடு அல்லது மேடையின் விளிம்போடு ஒரே கோட்டில் வரட்டும். அடுப்புக்குப் பின்னால் மட்டும் புகைபோக்கி வரை ஏற்றிவிடுங்கள்.

வாங்கும்போது தேவைக்கு மேல் 10 சதவீதம், சாய்வாகவோ, மீன்முள் போலக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கும் ஹெர்ரிங்போன் முறையிலோ ஒட்டுவதாக இருந்தால் 15 சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பேட்ச் மாறினால் நிறம் மாறும். மிஞ்சிய டைல்களோடு பெட்டியின் லேபிளையும் க்ரௌட் நிறத்தின் எண்ணையும் சேர்த்து எடுத்து வையுங்கள்.